தாள் இல்லாத தலை வேண்டாம்: காட்டுச் செம்மறி மண்டையோடு சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வாங்கிய முதல் மண்டையோடு ஒரு பொய். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஏலக் கூடத்தில் கருவேலப் பலகை மேல் ஏற்றியிருந்தார்கள். சுருண்ட கொம்பு, பலகையின் பின்புறம் பென்சிலில் ‘பிக்ஹார்ன், ராக்கி மலை’ என்று மூன்றே சொல். பிக்ஹார்ன் என்பது வட அமெரிக்காவின் தடித்த கொம்புக் காட்டுச் செம்மறி. அந்த மூன்று சொல்லுக்காகத்தான் நான் அதிக விலை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கொம்பின் அடியில் டேப் சுற்றினால் 24 செ.மீ. வளையங்களை எண்ணினால் ஒன்பது வயது. ஒன்பது வயது பிக்ஹார்ன் கிடாவுக்கு அடிச்சுற்று 35 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, “பண்ணையில் வளர்த்த கலப்பு” என்றார். டெக்சாஸ் பண்ணைகளில் மூஃப்ளான் என்ற காட்டுச் செம்மறியையும் வீட்டுச் செம்மறியையும் கலந்து, வேட்டைக்கென்றே வளர்க்கிறார்கள். அதற்கு ‘டெக்சாஸ் டால்’, ‘பிளாக் ஹவாயன்’, ‘கோர்சிகன்’ என்றெல்லாம் காட்டு விலங்கைப் போலப் பெயர் வேறு.

அந்தத் தலை இப்போதும் என்னிடம் இருக்கிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

முதல் படி: எதைச் சேர்க்கப் போகிறீர்கள்?

வேட்டைக்காரருக்குக் கொம்பின் நீளம் போதும். இயற்கை வரலாற்றுப் பொருளாகச் சேர்ப்பவருக்கு மூன்று கேள்விகள்: எந்த இனம், எந்த இடம், எந்த ஆண்டு. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் உடைந்த கொம்பும் மதிப்புள்ளது. இல்லையென்றால் மீட்டர் நீளக் கொம்பும் சுவர் அலங்காரம்தான்.

காட்டுச் செம்மறிகள் ‘ஓவிஸ்’ பேரினத்தைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவில் பிக்ஹார்னும் டால் செம்மறியும், சைபீரியாவில் பனிச் செம்மறி, மத்திய ஆசியாவில் ஆர்காலி, ஈரானிலிருந்து லடாக் வரை ஊரியல், மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மூஃப்ளான். இமயமலையின் பரல், ‘நீலச் செம்மறி’ என்று அழைக்கப்பட்டாலும் ஓவிஸ் அல்ல. வட ஆப்பிரிக்காவின் பார்பரி செம்மறியும் அல்ல. ஏலப் பட்டியல்களில் இந்த நான்கைந்தும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். நம் வரையாட்டின் கதை இதற்கு நேர் எதிர். பெயரில் ஆடு, பல காலம் இமயமலையின் ‘தார்’ என்ற காட்டாட்டுடன் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு, அது செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று காட்டி ‘நீலகிரிட்ராகஸ்’ என்ற தனிப் பேரினத்தைக் கொடுத்தது. அதற்காக வரையாட்டு மண்டையோடு தேடிக் கிளம்பிவிடாதீர்கள். காரணம் அடுத்த படியில்.

புதியவருக்கு என் யோசனை மூஃப்ளான். ஜெர்மனி, செக், ஹங்கேரி காடுகளில் இதைக் கொண்டுவந்து விட்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. முறையான அனுமதியோடு வேட்டையாடப்படுவதால் தேதி, இடம் எழுதிய மண்டையோடு கிடைப்பது எளிது. வயது வந்த கிடாவின் கொம்பு 60 முதல் 85 செ.மீ. வரை இருக்கும், சாதாரண அலமாரியில் அடங்கிவிடும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பிய மூஃப்ளானின் தாயகமான கோர்சிகா, சார்டீனியா தீவுகளில் இருப்பவையே, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் படகில் கொண்டுபோய், பின்பு காட்டுக்குத் திரும்பிவிட்ட பழைய வளர்ப்பாடுகளின் வழிவந்தவை. ‘காட்டு’ என்ற சொல்லை எந்த இடத்தில் நிறுத்துவது என்று இந்த ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

இரண்டாம் படி: சட்டம்

இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. இந்தியாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இருக்கிறது. லடாக்கின் ஆர்காலியும் ஊரியலும் அப்படியே. இவற்றின் கொம்பையோ மண்டையோட்டையோ வாங்குவது, விற்பது, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது எல்லாமே குற்றம். தாத்தா காலத்துப் பொருள் என்றாலும், ஊட்டி பங்களா பரணில் தூசி படிந்து கிடந்தாலும் சான்று வேண்டும். கணக்கில் வராமல் இருந்தவற்றை அறிவிக்க 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்து வெகுகாலம் ஆகிறது. சான்று இருந்தாலும் விற்க முடியாது, வாரிசுரிமையாகத்தான் கைமாறும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் படம் எடுத்து இணையத்தில் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மற்ற நாடுகளில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சைட்டிஸ், அதாவது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆர்காலி பொதுவாக இரண்டாம் பட்டியல், அதில் திபெத்திய ஆர்காலியும் கசகஸ்தானின் கராத்தாவ் ஆர்காலியும் முதல் பட்டியல். லடாக் ஊரியலும் முதல் பட்டியல். பிக்ஹார்னில் மெக்சிகோவில் வாழ்பவை மட்டும் இரண்டாம் பட்டியலில் வரும். டால் செம்மறி பட்டியலிலேயே இல்லை. முதல் பட்டியல் இனம் என்றால் எல்லை தாண்டுவதை மறந்துவிடுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்நாட்டில் விற்பதற்கே தனிச் சான்றிதழ் வேண்டும். 1947க்கு முன் பாடம் செய்த பழம்பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் வெறும் மண்டையோடு ‘வேலைப்பாடு செய்த பொருள்’ என்ற வரையறைக்குள் வருமா என்பதை விற்பவர் வாயிலிருந்து கேட்காதீர்கள். அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஆறு வாரம் ஆனது. அந்தத் தலையை வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். வருத்தம்தான், ஆனால் பரவாயில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அலாஸ்காவில் சுட்ட டால் கிடாவின் கொம்பை அரசு அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கொம்பில் துளையிட்டு எண் பொறித்த சிறு உலோகக் குச்சியை உள்ளே செலுத்திவிடுவார்கள். மேற்குக் கனடாவிலும் இதுபோன்ற முறை உண்டு. அந்த எண்ணைப் பார்த்தால் அழகு கெட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு அதைவிட அழகான இடம் அந்தக் கொம்பில் இல்லை. தேசியப் பூங்காக்களில் மலையேறும்போது கண்ணில் படும் மண்டையோட்டை எடுக்கவே கூடாது. படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

மூன்றாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

செம்மறிக் கொம்பு மான் கொம்பு போல ஆண்டுதோறும் உதிர்வதில்லை. நெற்றியிலிருந்து நீளும் உள்ளெலும்பு, அதன் மேல் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன கூடு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் கண் குழிக்கு முன்னால் விரலை வையுங்கள். ஓவிஸ் இனங்களுக்கு அங்கே தெளிவான ஒரு பள்ளம் இருக்கும், முகச் சுரப்பி உட்கார்ந்திருந்த இடம். வெள்ளாட்டுக்கும் காட்டு வெள்ளாட்டு இனங்களுக்கும் அது கிடையாது. கொம்பைப் பார்க்காமலே செம்மறியா வெள்ளாடா என்று சொல்ல இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பிறகு கொம்பு. பிக்ஹார்ன் தடித்தது, பழுப்பு, நுனி பெரும்பாலும் மழுங்கி உடைந்திருக்கும். டால் மெலிந்தது, தேன் நிறம், வெளிவிளிம்பு கூர்மையாக ஓடும், நுனி முகத்தை விட்டு வெளியே விரியும். ஊரியல் அரிவாள் போல் கழுத்துப் பக்கம் வளையும். ஆர்காலி இருப்பதிலேயே பெரியது. அதில் பாமீர் மலைகளின் மார்க்கோ போலோ செம்மறிக்குக் கொம்பு 190 செ.மீ. வரை அளக்கப்பட்டிருக்கிறது. இடையர்கள் அந்தக் கொம்பில் கிண்ணம் செய்வார்கள், பட்டிக்கு வேலி கட்டுவார்கள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லிவிட்டார். அறிவியலுக்கு அது வந்தது மண்டையோடு வழியாகத்தான். 1838இல் ஆக்சஸ் (ஆமூ தாரியா) நதியின் ஊற்றைத் தேடிப் போன ஜான் வுட் கொண்டுவந்த கொம்புகளைப் பார்த்து, 1841இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளித் அதற்குப் பெயர் சூட்டினார். உயிருள்ள விலங்கை அவர் கண்டதில்லை. எங்கே எடுத்தது என்று சொல்ல ஆள் இருந்ததால் கொம்பு மட்டுமே போதுமாக இருந்தது.

வயது பார்ப்பது சுவையான வேலை. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று வசந்தத்தில் மீண்டும் தொடங்கும்போது கொம்பைச் சுற்றி ஆழமான ஒரு கோடு விழும். நுனிப் பக்கம் கோடுகளுக்கு இடையே தூரம் அதிகம், அடிப் பக்கம் போகப் போக நெருங்கிவிடும். விரல் நகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் உண்மையான கோட்டில் நகம் தடுக்கும். வெறும் சுருக்கத்தில் வழுக்கிவிடும். நுனி உடைந்திருந்தால் முதல் ஆண்டின் கோடு காணாமல் போயிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ‘ராம் மவுண்டன்’ என்ற மலையில் பிக்ஹார்ன்களை 30 ஆண்டுகள் அளந்து, பெரிய கொம்புக் கிடாக்களையே தேர்ந்து சுட்டதால் கொம்பின் அளவு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தது என்று 2003இல் எழுதினார்கள். அதில் மரபின் பங்கு எவ்வளவு என்று இன்றும் சர்ச்சை நடக்கிறது. எப்படியானாலும், தேதி எழுதிய பழைய மண்டையோடு எதற்கு என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்.

போலிகள் இரண்டு வகை. பிசினில் வார்த்தவை ஒன்று. இவற்றில் கொம்பு அடியில் கூட்டுக்கும் எலும்புக்கும் இடையே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி இராது, மூக்கினுள்ளே காகிதம் போன்ற சுருள் எலும்புகளும் இரா. மூக்குத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது வகை என்னை ஏமாற்றிய வகை: எலும்பு உண்மை, பெயர் பொய். இதற்கு டேப்பும் சந்தேகமும்தான் மருந்து.

இன்னொன்று. பழைய சுவர்த் தலைகளில் தோலை உரித்துவிட்டுக் கொம்பை மட்டும் ‘மண்டையோடு’ என்று விற்பார்கள். நெற்றி எலும்பு வரை ரம்பத்தால் அறுத்திருக்கும், முகமே இருக்காது. வேண்டாம். கீழ்த்தாடையோடு கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குங்கள். மூக்கெலும்பின் நுனிதான் முதலில் உடையும் இடம், அதை முதலில் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டுக்குள் விடுவதற்கு முன்

பழைய பொருளோடு அந்துப்பூச்சியும் வண்டும் இலவசமாக வரும். கெரட்டின் அவற்றுக்குப் பலகாரம். கொம்பின் அடியில் மணல் போன்ற துகள் உதிர்ந்திருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று பொருள். பாலிதீனில் காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் ஈரம் எலும்பின் மேல் வியர்க்கும். மூஃப்ளான் வீட்டு ஃப்ரீசரில் போகும், மீன் வைக்க இடம் இராது என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய பாடத்தில் தோல் ஒட்டியிருந்தால் கையுறை கட்டாயம். 18ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆர்சனிக் பூசுவது வழக்கம். வெள்ளைப் பொடி தெரிந்தால் தூசி தட்டாதீர்கள், ஊதாதீர்கள்.

ஐந்தாம் படி: சுத்தம் செய்வது

இதைக் காட்டுச் செம்மறியில் பழகாதீர்கள். நான் பழகியது மதுரையில், அம்மா வீட்டு மொட்டை மாடியில், கறிக்கடையில் வாங்கிய கிடாத் தலையில். ஐரோப்பாவில் ஸ்கிரேப்பி போன்ற மூளை நோய்களின் பயத்தால் ஒரு வயது தாண்டிய செம்மறியின் தலையைக் கசாப்புக்கடைக்காரர் கையில் கொடுக்க மாட்டார். நம் ஊரில் அந்தத் தடை இல்லை. “முழுசா வேணும்ணே, வெட்ட வேண்டாம்” என்றதும் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“சூப்புக்குன்னா நாலாப் போட்டாத்தானே சார் வேகும்?”

“சூப்புக்கு இல்லண்ணே. எலும்பு மட்டும் வேணும்.”

“எலும்பு மட்டுமா?” என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு எதுவும் பேசாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது, கச்சைகட்டிக் கறுப்பு இனத்துக் கிடா ஒன்றின் தலையை எனக்காகவே எடுத்து வைத்திருந்தார். கிடா முட்டுக்கு வளர்க்கும் இனம். நெற்றி எலும்பின் கனத்தைப் பார்த்தபோதுதான் முட்டு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

முறை எளிது. தோலையும் பெரிய தசையையும் கத்தியால் நீக்கி, மூடியுள்ள வாளியில் பச்சைத் தண்ணீரில் மூழ்க வைப்பது. பாக்டீரியா மீதியைப் பார்த்துக்கொள்ளும். குளிர் நாட்டில் இதற்கு மீன் தொட்டி ஹீட்டர் போட்டு 30, 35 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள். மதுரையில் சூரியனே போதும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், வடிக்கும்போது சல்லடை வையுங்கள், பல் உதிர்ந்து போய்விடும். நாற்றத்தைப் பற்றி அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்று வாரம் ஆகலாம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கொம்புக் கூடு தளரும். இரு கையாலும் பிடித்து, கொம்பின் சுருள் போகும் திசையிலேயே மெதுவாகத் திருகுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ‘ளொக்’ என்று ஒரு சத்தம், ஈர உறையிலிருந்து கத்தி வருவது போல் கூடு கையோடு வரும். உள்ளே இருக்கும் எலும்பைப் பாருங்கள். வழவழப்பாக இராது, துளைகளும் இரத்தக் குழாய் ஓடிய தடங்களும் நிறைந்து பவளம் போல இருக்கும். பிக்ஹார்னில் அதன் உட்புறம் மெல்லிய தகடுகளால் ஆன நுரை போன்றது. மோதலின் அதிர்வை அது உள்வாங்குகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. கூட்டைத் தனியாகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பிளக்கும்.

கொதிக்க வைக்காதீர்கள். கொழுப்பு எலும்புக்குள் ஊறி, ஆறு மாதம் கழித்து மஞ்சள் எண்ணெயாகக் கசியும். கொழுப்பை எடுக்கக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். தண்ணீர் கலங்குவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள், வாரக்கணக்கில் ஆகும். வெளுக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, எலும்பைச் சுண்ணாம்பாக உதிர்த்துவிடும். கொம்புக் கூடு பெராக்சைடில் படக் கூடாது. என் முதல் கிடாவின் இடது கொம்பு பாதி வெள்ளை, பாதி பழுப்பாக இன்னும் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. பால் போல வெளுப்பதும் தேவையில்லை. எலும்பின் நிறம் தந்தம்தான்.

நன்றாக உலர்ந்த பின் கூட்டைத் திரும்ப மாட்டும்போது ஒட்ட வேண்டியதில்லை, பெரும்பாலும் தானே நிற்கும். ஆடினால் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 என்ற பசை இரண்டு சொட்டு. அசிட்டோனில் கரைத்து மறுபடி கழற்றலாம். எபாக்சி ஊற்றியவர்கள் பிற்பாடு உள்ளெலும்பைப் பார்க்கும் வழியை மூடிவிட்டவர்கள்.

ஆறாம் படி: பலகையும் சுவரும்

பழைய பலகையோடு வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். பாலிஷ் கூட வேண்டாம். லண்டனின் ரோலண்ட் வார்ட், எட்வர்ட் ஜெரார்ட், மைசூரின் வான் இங்கன் போன்ற பாடம் செய்யும் நிறுவனங்களின் சீட்டோ எண்ணோ பலகையின் பின்னால் இருக்கலாம். அந்தக் கிழிந்த சீட்டுதான் ஆண்டையும் சில சமயம் இடத்தையும் சொல்லும் ஒரே சாட்சி.

புதிதாகப் பொருத்துவதென்றால் மண்டையோட்டில் துளை போடாதீர்கள். பின்மண்டைப் பெருந்துளை வழியாக உள்ளே நுழையும் வளைந்த இரும்புக் கொக்கி, அதன் மேல் ரப்பர் உறை, கீழே மேல்தாடையைத் தாங்க ஒரு சிறு கை. இவ்வளவே. எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: முதிர்ந்த பிக்ஹார்னின் கொம்பும் மண்டையோடும் 14 கிலோ வரை போகும். ஜிப்சம் பலகைச் சுவரில் ஆணி அடித்தால் ஒரு இரவில் இறங்கிவிடும். செங்கல்லிலோ மரச் சட்டத்திலோ போல்ட் போடுங்கள். நேர் வெயில், சமையலறை, ஹீட்டருக்கு மேலே, இந்த மூன்றும் கூடாது. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏறி இறங்காமல் இருந்தால் கொம்பு பிளக்காது.

ஏழாம் படி: பேரேடு

இதைத்தான் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடுவார்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண். அந்த எண்ணை மண்டையோட்டின் அடிப்பக்கம், பாராலாய்ட் ஒரு கோட் தடவி அதன் மேல் ‘இந்தியன் இங்க்’ என்ற கறுப்பு மையால் எழுதுங்கள். பேரேட்டில் இனம், பால், வயது, கிடைத்த இடம், நாள், யாரிடமிருந்து, எந்த அனுமதி எண், என்ன சுத்தம் செய்தீர்கள். அளவுகள் நான்கு போதும்: வெளிவளைவு வழியே கொம்பின் நீளம், அடிச்சுற்று, நுனிக்கு நுனி அகலம், மண்டையோட்டு நீளம். எஃகு டேப்பால் அளங்கள், துணி டேப் இழுபடும். புதுக் கொம்பு உலரும்போது சுருங்கும். வேட்டைக் கொம்புகளின் அளவைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் 60 நாள் உலர்ந்த பிறகுதான் அளக்க ஒப்புக்கொள்கிறது, நீங்களும் அதையே பின்பற்றலாம்.

தெரியாததை நிரப்பாதீர்கள். ‘இடம்: அறியப்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘அநேகமாக ராக்கி மலை’ என்று எழுதினால், உங்களுக்குப் பின் வரும் யாரோ ‘அநேகமாக’வை அழித்துவிடுவார்கள். என் முதல் தலைக்குப் பேரேட்டில் எண் 1. பலகையின் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. அதன் கீழே, வேறு நிற மையில், ‘அடிச்சுற்று 24 செ.மீ., வயது 9, பண்ணைக் கலப்பு, இடம் அறியப்படவில்லை’ என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன்.